பாலைவனத்தில் ஒரு சால்ட் அனாலிசிஸ்!

ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியைக் கையில் கொடுத்து, ''இது என்ன உப்புன்னு கண்டுபிடி'' என்று சொல்வார்களே... ஞாபகம் இருக்கா? பிளஸ் டூவிலோ பி.எஸ்ஸி.யிலோ அந்த இம்சையைத் தாண்டி வந்தவர்களுக்கு லேப் வாசனை இப்போதும் மூக்கிலேயே நிற்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் சல்பைடு. டெஸ்ட் டியூபில் பழுப்பு வளையம் விழுந்தால் நைட்ரேட். தீயில் காட்டும்போது ஆப்பிள் பச்சை எரிந்தால் பேரியம். எதுவுமே வரவில்லை என்றால், லேப் அட்டெண்டர் அண்ணன் பக்கம் பாவமாக ஒரு பார்வை!

போன வாரம் ஒரு கெமிஸ்ட்ரி தோழி இந்தப் பக்கத்துக்கு எழுதியிருந்தார். ''மூணு வருஷமா பொடியைக் கரைச்சுக்கிட்டும் முகர்ந்துக்கிட்டும் இருக்கேன். இதனால யாருக்கு என்ன லாபம்?''

நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம். அமெரிக்காவில் ஒரு பாலைவனம் வரைக்கும் போய்வர வேண்டியிருக்கும். வர்றீங்களா?

1945 ஜூலை 16. நியூ மெக்ஸிகோ மாநிலம். ஆள் நடமாட்டமே இல்லாத இடம் என்று ராணுவம் தேர்ந்தெடுத்த பொட்டல். (ஆட்கள் இருந்தார்கள். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.) நூறு அடி உயர இரும்புக் கோபுரம். அதன் உச்சியில் 'கேட்ஜெட்' என்று செல்லப்பெயர் வைக்கப்பட்ட ஒரு பெரிய உருண்டை. உள்ளே சுமார் ஆறு கிலோ புளூட்டோனியம். விடியற்காலை 5.29க்கு அது வெடித்தது. 'டிரினிட்டி' என்று பெயர் வைத்திருந்த அந்தச் சோதனைதான் உலகத்தின் முதல் அணுகுண்டு வெடிப்பு.

அப்புறம் கோபுரத்தைத் தேடினால் காணோம். ஆவியாகிப் போச்சு! சுற்றிலும் சில நூறு மீட்டர் தூரத்துக்குப் பாலைவன மணல் உருகி, இறுகி, வெளிர் பச்சைக் கண்ணாடியாகக் கிடந்தது. மேல்பக்கம் வழவழப்பு. அடிப்பக்கம் மணல் ஒட்டிய சொரசொரப்பு. உடைத்துப் பார்த்தால் பொரித்த அப்பளம் மாதிரி குமிழ் குமிழாக இருக்கும். அதற்கு 'டிரினிடைட்' என்று பெயர் வைத்தார்கள். தரையில் கிடந்த மணல் அப்படியே உருகிவிட்டது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். முழுக்க அப்படி இல்லை, மணலில் பெரும்பகுதி தீப்பந்துக்குள் இழுக்கப்பட்டு, மேலே போய் உருகி, கண்ணாடி மழையாகக் கீழே கொட்டியிருக்கிறது என்று 2005-ல் இரண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். முத்து முத்தாக, கண்ணீர்த்துளி வடிவில் கிடைக்கும் துண்டுகள் அந்தக் கதைக்குப் பொருந்துகின்றன. விழும்போதே உறைந்த துளிகள்!

சரி, குண்டு வெடித்தாச்சு. அதன் பலம் எவ்வளவு? செய்தவர்களுக்கே தெரியாது என்பதுதான் வேடிக்கை. ஆளுக்கு ஒரு டாலர் பந்தயமே கட்டியிருந்தார்கள். ஓப்பன்ஹைமர் அடக்கமாக 300 டன் டி.என்.டி. என்று எழுதினார். டெல்லர் 45,000 டன் என்றார். கடைசியாக வந்து சேர்ந்த ராபிக்கு மிச்சமிருந்தது 18,000. அவர்தான் ஜெயித்தார்! என்ரிகோ ஃபெர்மி இன்னும் சுவாரஸ்யம். பத்து மைல் தள்ளி நின்றுகொண்டு, அதிர்ச்சி அலை வந்து சேரும் நேரம் பார்த்து, துண்டுக் காகிதங்களைக் கையிலிருந்து நழுவவிட்டார். அவை இரண்டரை மீட்டர் தள்ளிப்போய் விழுந்தன. ''சுமார் பத்தாயிரம் டன் இருக்கும்'' என்று கணக்குச் சொன்னார். காகிதத் துண்டை வைத்து அணுகுண்டை அளந்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

ஆனால் காகிதம் கணக்குக்குக் கிட்டேதான் கூட்டிப்போகும். சரியான பதிலுக்கு மண்ணை அள்ளித்தான் ஆகவேண்டும். உள்பக்கம் ஈயத்தகடு அடித்த ராணுவ டாங்கியை வெடித்த இடத்துக்கு ஓட்டிப்போய், அதன் தரையில் இருந்த ஓட்டை வழியாக மண்ணைச் சுரண்டி எடுத்து வந்தார்கள். அதற்கப்புறம் நடந்தது நம்ம சால்ட் அனாலிசிஸ்தான் பாஸ். பொடியைக் கரை, பிரி, எது எவ்வளவு இருக்கிறது என்று பார்.

தத்துவம் ரொம்ப சிம்பிள். கல்யாண வீட்டில் எவ்வளவு விறகு எரிந்தது என்று அடுப்பைப் பார்க்காமலே சொல்ல முடியுமா? முடியும். சாம்பலில் ஒரு கைப்பிடி எடுங்கள். அதில் சாம்பல் எவ்வளவு, எரியாத கரித்துண்டு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். மொத்தம் எத்தனை கட்டு விறகு வந்தது என்பது மட்டும் தெரிந்தால் போதும், கணக்கு முடிஞ்சுது. அணு பிளந்தால் உண்டாகும் தனிமங்கள்தான் இங்கே சாம்பல். பிளக்காமல் தப்பித்த புளூட்டோனியம்தான் கரித்துண்டு. முழு பாலைவனத்தையும் அள்ள வேண்டாம், சின்னத் துண்டு கண்ணாடி போதும்.

அந்தக் கணக்கில் தெரிந்த இன்னொரு விஷயத்தையும் மறக்காமல் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு கிலோவில் பெரும்பகுதி எரியவே இல்லை! நாலு கிலோவுக்கு மேல் புளூட்டோனியம் தூளாகிக் காற்றோடு போய்விட்டது. அதன் அரை ஆயுள் 24,000 வருஷம்.

இப்போது ஒரு டிரினிடைட் துண்டை எடுத்து, திரவ நைட்ரஜனில் குளிரவைத்த ஜெர்மானியம் டிடெக்டர் முன்னால் வைத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு ஐசோடோப்பும் தனக்கே உரிய சக்தியில் காமா கதிரை விடும். திரையில் வரிசையாக முனைகள் எழும்பும். ஒவ்வொரு முனையும் ஒரு சாட்சி. சீசியம் 137, அணு பிளந்தது என்கிறது. யுரோப்பியம் 152 மணலில் இருந்து வந்தது. சாதாரண யுரோப்பியம் பூமியில் எல்லா மண்ணிலும் துளித்துளி இருக்கும், அது நியூட்ரானை விழுங்கி இப்படி ஆகிவிட்டது. கோபால்ட் 60, காணாமல்போன கோபுரத்தின் இரும்பு. ஆவியாகிப்போன கோபுரம் கண்ணாடிக்குள்தான் ஒளிந்திருக்கிறது!

எனக்கு ரொம்பப் பிடித்த சாட்சி நாலாவது ஆள். பேரியம் 133. இது அணு பிளந்து வருவதில்லை. பாலைவன மணலில் இருக்கும் பேரியம் மட்டும் இதற்குக் கணக்குச் சொல்லிவிடாது. பிறகு எங்கிருந்து வந்தது? புளூட்டோனிய உருண்டையை எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் சமமாக அமுக்க வேண்டும். அதற்காக அதைச் சுற்றி 32 வெடிமருந்துக் 'லென்ஸ்'களை அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு லென்ஸிலும் வேகமாக வெடிக்கும் மருந்து ஒன்று, மெதுவாக வெடிக்கும் மருந்து ஒன்று. அந்த மெதுவான மருந்துக்குப் பெயர் பாரடால். டி.என்.டி.யோடு கலந்த... பேரியம் நைட்ரேட்!

ஆமாம் தோழி, உங்கள் லேப் அலமாரியில் இருக்கும் அதே உப்பு. ஆப்பிள் பச்சை, பழுப்பு வளையம் ரெண்டும் வருமே, அதேதான். அந்தக் காலத்தில் உச்சகட்ட ராணுவ ரகசியமாக இருந்த சமாச்சாரம், கீழே கிடக்கும் கண்ணாடித் துண்டில் அப்படியே பதிவாகி இருக்கிறது.

புளூட்டோனியம் கண்ணாடியில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று படம் எடுக்கவும் ஒரு வழி உண்டு. செலவு குறைவு. மூக்குக் கண்ணாடி செய்கிற சி.ஆர். 39 என்ற பிளாஸ்டிக்கை டிரினிடைட் சீவலின் மேல் சில நாள் ஒட்டி வைக்கிறார்கள். ஆல்பா துகள் ஒவ்வொன்றும் பிளாஸ்டிக்கைக் குத்திவிட்டுப் போகும். அப்புறம் சூடான சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்தால் குத்துப்பட்ட இடமெல்லாம் குழியாகத் தெரியும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கண்ணாடிக்குள் ரேடியோ ஆக்டிவ் புள்ளிகள் சமமாகப் பரவாமல், அங்கங்கே திட்டுத் திட்டாக இருப்பது தெரிகிறது. குண்டு எரிந்த கதையும் மணல் உருகிய கதையும் சரியாகக் கலக்க நேரம் கிடைக்கவில்லை. எல்லாம் சில விநாடிதானே!

இங்கே ஒரு சிக்கல். வருஷங்கள் ஓட ஓட சாட்சிகள் ஒவ்வொருத்தராகக் கண்ணை மூடுவார்கள். கோபால்ட் 60-க்கு அரை ஆயுள் ஐந்தேகால் வருஷம். சீசியம் 30 வருஷம் தாக்குப்பிடிக்கும், ஆனால் அதை நம்ப முடியாது. ஏன் தெரியுமா? சீசியம் 137-க்கு முந்தைய பிறவி செனான் வாயு. நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவான அரை ஆயுள். கண்ணாடித் துளி உறையும் நேரத்தில் அந்த ஆசாமி இன்னும் வாயுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அதனால் கண்ணாடிக்குள் போகவேண்டிய அளவு போகவில்லை. பஸ்ஸைத் தவறவிட்ட பார்ட்டி!

அப்போ பஸ்ஸில் முதல் சீட் யாருக்கு? சிர்கோனியம். பயங்கரச் சூட்டிலேயே திரவமாகிவிடும், அதனால் கண்ணாடியில் முதலில் சேர்ந்துவிடும். ஆனால் அதுவும் கதிரியக்கம் உள்ளதுதான். சிர்கோனியம் 97 பதினேழு மணி நேரத்தில் பாதியாகும், சிர்கோனியம் 95 அறுபத்துநாலு நாளில். எழுபது வருஷத்தில் எல்லாம் காலி. காலி என்றால்? மாயமாகவில்லை. நயோபியமாகி, பிறகு மாலிப்டினமாகி, அதோடு நின்றுவிட்டது. இந்த மாலிப்டினம் கதிர் விடாது, காலாகாலத்துக்கும் அப்படியே இருக்கும். எந்தக் கதிர்க்கருவியும் 'கிக்' என்று ஒரு சத்தம் போடாது. ஆனால் ஆள் இருக்கிறார்!

மணலிலேயே இயற்கையான மாலிப்டினம் இருக்குமே, எப்படிப் பிரிப்பது? அதற்கும் வழி இருக்கிறது. 96 என்ற எண்ணுள்ள மாலிப்டினம் அணுப்பிளவில் பிறக்காது. எனவே 96 எவ்வளவு என்று பார்த்தால் மணலின் பங்கு தெரியும். அதைக் கழித்துவிட்டால் 95-லும் 97-லும் மிச்சமிருப்பது குண்டின் பங்கு. லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் இந்தக் கணக்கை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் போட்டு 2016-ல் வெளியிட்டார்கள். 22.1 கிலோ டன் என்று வந்தது. இன்னும் துல்லியமாக அளந்து 2021-ல் இன்னொரு கட்டுரை: 24.8 கிலோ டன், இரண்டு முன்னே பின்னே. பல பத்தாண்டுகளாக அரசாங்கப் புத்தகத்தில் இருந்த எண் 21. எழுபத்தைந்து வருஷம் கழித்து ரீவேல்யுவேஷனில் மார்க் ஏறிய கதை நம்ம யூனிவர்சிட்டியில்கூட நடந்திருக்காது!

சிவப்பு டிரினிடைட் என்று அபூர்வமாக ஒன்று கிடைக்கும். தாமிரக் கேபிள்கள் உருகிக் கலந்ததால் வந்த நிறம். அதில் ஒரு துண்டில் குவாசி கிரிஸ்டல் இருப்பதாக 2021-ல் கண்டுபிடித்தார்கள். ஒழுங்கு இருக்கும், ஆனால் ஒரே அச்சு திரும்பத் திரும்ப வராது என்கிற விசித்திரப் படிகம். டான் ஷெக்ட்மன் 1982-ல் லேபில் கண்டபோது பெரிய பெரிய ஆட்களே கேலி செய்தார்கள். 2011-ல் நோபல் கொடுத்தார்கள். மனுஷன் தெரியாத்தனமாக 1945-லேயே ஒன்றைச் செய்து, மண்ணில் போட்டுவிட்டு வந்திருக்கிறான்.

இவ்வளவு தூரம் வந்ததும் உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். ஒரு துண்டுக் கண்ணாடியில் குண்டின் எடை, சரக்கு, டிசைன் எல்லாம் தெரியும் என்றால், எதிரி கையில் அந்தத் துண்டு கிடைத்தால்?

கிடைத்தது. ஆனால் எதிரி கையில் இல்லை, மீனவர்கள் தலையில்.

1954 மார்ச் 1. பசிபிக் கடலில் பிகினி தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. 6 மெகா டன் வரும் என்று எதிர்பார்த்தது, 15 மெகா டன் வந்தது. அறிவித்த ஆபத்து எல்லைக்கு வெளியே டூனா பிடித்துக்கொண்டிருந்தது ஜப்பானின் 'ஐந்தாம் லக்கி டிராகன்' படகு. 23 பேர். சில மணி நேரம் கழித்து வானத்திலிருந்து வெள்ளையாக ஏதோ கொட்டியது. அங்கே மணல் கிடையாது, பவளப்பாறைதான். அதனால் கண்ணாடி இல்லை, சுண்ணாம்புச் சாம்பல். கையால் அள்ளிக் கொட்டினார்கள். ஊர் வந்து சேர்வதற்குள் உடம்பெல்லாம் கொப்புளம், முடி கொட்டியது. ரேடியோ ஆபரேட்டர் குபோயாமா செப்டம்பரில் இறந்துபோனார். வயது நாற்பது.

குண்டில் என்ன இருந்தது என்று அமெரிக்கா சொல்லவில்லை. படகில் ஒட்டியிருந்த சாம்பலை டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கிமுரா கெஞ்சிரோ என்ற வேதியியல் பேராசிரியர் எடுத்துப் பிரித்தார். அதில் யுரேனியம் 237 இருந்தது. உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் தடுமாறியிருக்கலாம், இவர் தடுமாறவில்லை. 1940-ல் நிஷினாவோடு சேர்ந்து அந்த ஐசோடோப்பை முதன்முதலில் கண்டுபிடித்ததே இவர்தான்! சாதாரண யுரேனியத்தின் மேல் அதிவேக நியூட்ரான் மோதினால் அது வரும். அப்படியென்றால் அந்த ஹைட்ரஜன் குண்டுக்கு யுரேனியத்தில் ஒரு மேல்சட்டை போட்டிருக்கிறார்கள். பலத்தில் பெரும்பங்கும், விஷத்தூசியில் பெரும்பங்கும் அந்தச் சட்டை தந்தது. 'சுத்தமான குண்டு' என்ற பேச்செல்லாம் சும்மா. லண்டனில் இருந்த ஜோசப் ராட்பிளாட் ஜப்பானியர்களின் அளவுகளை வைத்து இதே முடிவுக்கு வந்து, 1955-ல் பகிரங்கமாக எழுதினார். பாதியிலேயே அணுகுண்டுத் திட்டத்தை விட்டு வெளியேறிய இயற்பியலாளர் அவர். 1995-ல் அமைதிக்கான நோபல் வாங்கினார்.

நம்ம ஊர்க் கதையும் கொஞ்சம் இருக்கு. 1998 மே 11 பொக்ரான் சோதனையில் ஹைட்ரஜன் குண்டு 45 கிலோ டன் என்று அறிவித்தார்கள். குண்டு சரியாக வெடிக்கவில்லை என்று அந்தச் சோதனையில் பங்கெடுத்த கே.சந்தானமே 2009-ல் சொன்னது பெரிய சர்ச்சை. அணுசக்தித் துறையின் பதில் என்ன? பூமிக்கடியில் துளைபோட்டு எடுத்த பாறையைப் பிரித்துப் பார்த்தோம், கணக்கு சரியாக வருகிறது. நம்ம சென்னைக்காரர் ஆர்.சிதம்பரம் கடைசிவரை இதில் உறுதியாக நின்றார். ஆனால் குண்டில் என்ன பொருள், எவ்வளவு என்ற விவரம் வெளியே வரவில்லை. வந்தால் டிசைன் தெரிந்துவிடும். அந்தப் பக்கம் ரகசியம், இந்தப் பக்கம் சந்தேகம். என்னைக் கேட்டால், விடைத்தாளைப் பார்க்காமல் மார்க்கைப் பற்றிச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. ஆனால் விடைத்தாள் இருக்கிறது, கெட்டுப்போகவும் போகாது.

பாலைவனத்துக்குத் திரும்புவோம். ஆட்கள் இருந்தார்கள் என்றேனே!

டிரினிட்டி கோபுரத்திலிருந்து 30 கிலோமீட்டருக்குள்ளேயே பண்ணை வீடுகள் இருந்தன. தகர, ஓட்டுக் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடிக்கிற ஜனங்கள். யாரையும் முன்கூட்டியே கிளப்பவில்லை. விடிந்ததும், 'வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துவிட்டது' என்று விமானப்படைத் தளத்திலிருந்து பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்தார்கள். தூசி விழுந்த மேய்ச்சல் நிலத்தில் மாடுகளின் முதுகு முடி வெளுத்தது. அந்த மாடுகளில் சிலவற்றை ராணுவம் விலைக்கு வாங்கி ஆராய்ச்சிக்குக் கொண்டுபோனது.

அதே தூசி 1,600 கிலோமீட்டருக்கு மேல் பறந்து இண்டியானா மாநிலத்து ஆற்றிலும் விழுந்தது. அந்த ஆற்றுத் தண்ணீரில் செய்த வைக்கோல் அட்டையில் கோடாக் கம்பெனி எக்ஸ்ரே ஃபிலிமைச் சுற்றி வைத்தது. ஃபிலிமெல்லாம் புள்ளி! கோடாக்கின் ஜூலியன் வெப் என்ற இயற்பியலாளர் அட்டையைச் சோதித்து சீரியம் 141-ஐப் பிடித்தார். கதிர்த்தூசிதான் என்று முடிவு கட்டினார். 1951-ல் மறுபடி ஃபிலிம் பிரச்னை கிளம்பி, கம்பெனி வழக்குப் போடுவேன் என்றதும், அமெரிக்க அணுசக்தி ஆணையம் என்ன செய்தது தெரியுமா? இனி சோதனைகளுக்கு முன்னால் ஃபிலிம் கம்பெனிகளுக்குத் தகவல் சொல்கிறோம் என்றது.

ஃபிலிமுக்குச் சொன்னார்கள். தொட்டித் தண்ணீர் குடித்தவர்களுக்குச் சொல்லவில்லை.

கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு தர 1990-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. நெவாடா சோதனைத் தளத்துக்குக் காற்று வீசும் திசையில் இருந்தவர்கள் அதில் உண்டு. முதல் குண்டின் கீழே இருந்த நியூ மெக்ஸிகோ மக்கள் இல்லை! தங்கள் குடும்பத்துப் புற்றுநோய்ச் சாவுகளைப் பட்டியல் எழுதி எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வாஷிங்டனுக்கு நடந்தார்கள். 2025 ஜூலையில்தான் அவர்கள் பெயர் சட்டத்தில் ஏறியது. எண்பது வருஷம்.

ஜெயித்தவன் ஊர் மண்ணில் இவ்வளவு கதை என்றால், குண்டு விழுந்த ஊர் மண்ணில்? ஹிரோஷிமா பக்கத்தில் மோட்டோஉஜினா என்ற இடத்துக் கடற்கரை மணலை மரியோ வானியே என்ற ஓய்வுபெற்ற புவியியலாளர் 2015-ல் மைக்ராஸ்கோப்பில் பொறுக்கிக்கொண்டிருந்தார். நுண்ணுயிர்களின் ஓடு தேடுகிற சாதாரண வேலை. நடுவில் வழவழவென்று கண்ணாடி உருண்டைகள், கண்ணீர்த்துளிகள், ஒன்றோடொன்று ஒட்டிய இரட்டை மணிகள். ஏதோ குப்பை என்று விட்டிருக்கலாம், விடவில்லை. சில இடங்களில் மணலில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் அதுதான் என்று 2019-ல் எழுதினார்.

பெர்க்லியில் எக்ஸ்ரே கதிரில் வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். 1,800 டிகிரிக்கு மேல் உருகியவை. வெறும் மணல் இல்லை. உள்ளே கான்கிரீட், மார்பிள், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ரப்பர்... அதாவது 1945 ஆகஸ்ட் 6 காலை எட்டேகால் மணி வரைக்கும் அங்கே ஒரு ஊரில் இருந்த சுவர், படிக்கட்டு, பாத்திரம், டயர். மேலே போய், உருகி, கலந்து, மழையாக இறங்கியது. இன்னும் அந்தக் கடற்கரையில் கிடக்கிறது.

கேள்வி கேட்ட தோழிக்கு: அடுத்த பிராக்டிகலில் ஆப்பிள் பச்சை வந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப்போடுங்க.